ஒரு யானையைக் கட்டலாம், ஐந்தைக் கட்டேலாது

இணையப் பக்கங்களுக்கெண்டு பிறந்த ஜாவாஸ்கிரிப்டை வைத்து மேசைக்கணினிச் செயலிகள் செய்வது சரியா பிழையா என்ற சண்டை, கொம்பியூட்டர் படிக்கிறவர்களின் சண்டையாகவே இருந்து வருகிறது. கலைப்பீடத்துப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் அதில என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்தச் செயலிகள் ஓடுவது எங்கட 4 ஜி.பி. லப்டொப்பில. அவை தமிழைக் குழப்பினால் குழம்புவது எங்கட ஒப்படை. அதைவிட முக்கியம், இந்தப் பாதையால் வராவிட்டால் எங்களைப் போன்றவர்கள் ஒருநாளும் ஒரு மென்பொருளும் செய்யப் போவதில்லை.

எங்கள் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறோம். இந்த வழி பாரமானது, வீண்செலவானது, பெரிய நிறுவனங்கள் அதைச் சோம்பேறித்தனத்துக்குப் பயன்படுத்துகின்றன. இதெல்லாம் உண்மை. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்கோ, கோயில் நிர்வாகத்துக்கோ, பழைய மாணவர் சங்கத்துக்கோ தமிழில் ஒரு செயலி வேண்டுமென்றால், இண்டைக்கு இருக்கிற வழிகளில் இதுதான் கைக்கெட்டுகிற வழி. எங்கே இதை எடுக்க வேணும், எங்கே எடுக்கக் கூடாது என்பதுதான் பேச வேண்டியது.

கொஞ்சம் பின்கதை. 1995 மே மாதம் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய மொழி இது. உலாவிக்குள் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் அசைவு கொடுக்கிறதுக்கு. அதற்கு வெளியே அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. 1999இல் இன்ரநெற் எக்ஸ்புளோரர் 5 உடன் மைக்ரோசொஃப்ட் ஒரு வசதியைத் தந்தது: ஒரு எச்.ரி.எம்.எல். கோப்பின் பின்னொட்டை மாற்றிவிட்டால் அது உலாவிச் சட்டகம் இல்லாமல் தனிச் செயலி போலத் திறக்கும். அதை அப்ப பெரிசாய் ஆரும் கொண்டாடவில்லை. 2008இல் கூகிள் குரோமும் அதோடு வி8 இயந்திரமும் வந்தன. 2009இல் ரயன் டால் அந்த வி8ஐ உலாவியிலிருந்து கழற்றி நோட் என்ற பெயரில் வெளியே ஓடவிட்டார். மொழி உலாவியை விட்டுப் பரவலாய் வெளியேறியது அதுக்குப் பிறகுதான். 2013இல் கிற்ஹப் நிறுவனம் தன் அற்றம் என்ற எழுதியைச் செய்ய குரோமின் உடம்பையும் நோட்டையும் ஒன்றாய்க் கட்டியது. அந்தக் கட்டுத்தான் 2015இல் எலெக்ட்ரோன் என்று பெயர் மாறியது. (எங்கட விஞ்ஞானப் புத்தகத் தமிழில் இலத்திரன். மிகச் சின்னத் துணிக்கையின் பெயரை மிகப் பாரமான பொருளுக்கு வைத்த பகிடியை அவர்கள் யோசித்தார்களோ தெரியாது.) அற்றம் 2022 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதற்காகக் கட்டிய சாரம் மட்டும் நிற்கிறது. வி.எஸ். கோட், ஸ்லக், டிஸ்கோர்ட், சிக்னலின் கணினிப் பதிப்பு எல்லாம் அந்தச் சாரத்தில் ஏறி நிற்பவைதான்.

பாரம் எங்கே இருந்து வருகிறது? ஒவ்வொரு எலெக்ட்ரோன் செயலியும் தன் வயிற்றுக்குள் ஒரு முழுக் குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. வெறும் ‘வணக்கம்’ என்று ஒரு வரி காட்டுகிற செயலி செய்தாலும் இறக்குமதி 100 எம்.பி.யைத் தொட்டுவிடும், விரித்தால் அதைவிடக் கூட. நான்கு செயலி திறந்தால் நான்கு உலாவி. அவை ஒன்றோடொன்று எதையும் பகிர்ந்துகொள்வதில்லை. ஒரே வளவுக்குள் நாலு குடும்பம், நாலும் தனித்தனியாய்க் கிணறு வெட்டின மாதிரி. 4 ஜி.பி. றாமில் விண்டோஸ் தன் பங்கை எடுத்த பிறகு மிச்சத்தில் இரண்டு செயலியும் ஒரு பி.டி.எஃப்.பும் திறந்தால் லப்டொப்பின் காற்றாடி கத்தத் தொடங்கும். 16 ஜி.பி. வைத்திருக்கிற நண்பர்களுக்கு இந்தச் சத்தம் கேட்காது. இந்தச் செயலிகளை எழுதுகிற ஊர்களில் இருப்பவர்களுக்கும் கேட்காது.

இது சும்மா ஏழையின் புலம்பல் இல்லை. மைக்ரோசொஃப்ட்டே 2023இல் ரீம்ஸ் செயலியை எலெக்ட்ரோனிலிருந்து எடுத்து, விண்டோசில் ஏற்கெனவே இருக்கிற உலாவிப் பகுதியின் மேல் வைத்தது. நினைவகம் பாதியாய்க் குறையும், வேகம் இரட்டிப்பாகும் என்று தானே விளம்பரம் செய்தது. அப்ப அதுவரைக்கும் எங்கட றாமைத் திண்டது ஆர்?

ஆனால் றாமைவிட எங்களுக்குக் கோபம் வருகிற விஷயம் வேறொன்று. இந்தச் செயலிகளில் கனக்கப் பேருக்கு ‘மேசைக்கணினிச் செயலி’ என்பது வெறும் பெயர். ஐகன் மேசையில் இருக்கும். இரட்டைச் சொடுக்குக்குத் திறக்கும். இணையம் இல்லாவிட்டால் ஒரு வட்டம் சுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பது ஒரு யன்னல் மட்டும், வீடு வேறெங்கோ. 100 எம்.பி. கொடுத்து ஒரு யன்னலை வாங்கி எங்கட சுவரில பூட்டியிருக்கிறம்.

மின்சாரமில்லாத 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்தி றேடியோ கேட்டது எங்கட அப்பா அம்மா தலைமுறை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது எங்கட தலைமுறை. கரண்ட் போனால் வீட்டு இணையமும் போகும். லப்டொப்பின் பற்றரி மட்டும் ரெண்டு மணித்தியாலம் நிற்கும். அந்த ரெண்டு மணித்தியாலத்தில் வேலை செய்கிற செயலிதான் எங்களுக்கு மேசைக்கணினிச் செயலி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பிரபலமான பலது தோற்கும், சத்தமில்லாமல் இருக்கிற சிலது வெல்லும்.

வெல்பவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேணும். எங்களுக்குத் தெரிந்தவரை இணைய மொழியில் எழுதி எங்கட ஊர்க் கணினிகளில் அதிகம் பயன்பட்ட கருவி ஒரு எலெக்ட்ரோன் செயலியே இல்லை. புலம்பெயர்ந்த சுரதா யாழ்வாணன் எழுதிய பொங்குதமிழ் எழுத்துருமாற்றி. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. பாமினியிலோ வேறு பழைய குறியேற்றத்திலோ இருப்பதை ஒன்றில் ஒட்டினால் மற்றதில் யுனிகோட்டாக வரும். ஒரு பக்கம், அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைச் சேமித்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு திரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். சேவர் இல்லை, நிறுவல் இல்லை, இணையமும் தேவையில்லை. உலாவியில் இழுத்துவிட்டால் வேலை செய்யும்.

பாமினி ஏன் பிரச்சினை என்று தெரியாத தம்பி தங்கச்சிமாருக்கு: கொமினிகேசன் கடையில் ரைப் பண்ணிக் கொடுத்த பழைய ஆவணத்தைத் திறந்து எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய் நிற்கும். கணினிக்கு அது தமிழே இல்லை, தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம். மாற்றுவதும் ஒன்றுக்கொன்று எழுத்தை மாற்றி வைக்கிற வேலை அல்ல. பாமினியில் கண்ணால் பார்க்கிற வரிசைப்படி கொம்பு முதலில், மெய் பிறகு. யுனிகோட்டில் மெய் முதலில், கொம்பு பிறகு. ‘கொ’வில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்கிறதால் மூன்றையும் ஒன்றாய்ப் பிடித்து மாற்ற வேணும். நீளமான சேர்க்கைகளை முதலில் தேடாவிட்டால் பாதியைத் தின்று மீதியைக் குப்பையாக்கிவிடும். இதை யோசித்து எழுதத் தேவைப்பட்டது தமிழ் எழுத்து எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற அறிவு. கணினி அறிவு இரண்டாவது.

இன்னொன்று சொட்டேரோ. மூன்றாம் வருசத்தில் ஆய்வு எழுதுகிற ஆருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத்துறைக்காரர்கள் 2006இல் வெளியிட்ட உசாத்துணை முகாமைக் கருவி. முதலில் ஃபயர்பொக்ஸ் உலாவிக்குள் ஒட்டிய துணைக்கருவியாய் இருந்தது, 2011இல் தனிச் செயலியானது. எலெக்ட்ரோன் இல்லை, மொசில்லாவின் உடம்பு, ஆனால் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்ட். உங்கள் குறிப்புகளும் பி.டி.எஃப்.களும் உங்கள் டிஸ்கில் ஒரு கோப்புறையில் இருக்கும். இணையம் போனாலும் அடிக்குறிப்புப் போகாது. இதைச் செய்தவர்கள் வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்பதை எங்கட பீடத்தில் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி எங்கட வேலைக்கு வருகிறோம். வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையம். பெயர் வேண்டாம், அவர்கள் விளம்பரம் கேட்கவில்லை. கிட்டத்தட்ட மூவாயிரம் புத்தகம், கையால் எழுதிய பதிவுப் புத்தகம் மூன்று, அதில் ஒன்று கறையானுக்குப் பாதி கொடுத்தது. ஆரோ வெளிநாட்டிலிருந்து அன்பளிப்புச் செய்த ஒரு கணினி: விண்டோஸ் 7, 2 ஜி.பி. றாம். இணையம் கிடையாது. புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்ற வேணும், தமிழில் தேட வேணும், இரவல் கொடுத்ததைக் குறிக்க வேணும். இதற்கு நகரத்தில் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டபோது மாதச் சந்தா சொன்னார்கள், அதுவும் இணைய இணைப்போடு. வருசச் சந்தாவிலும் கோயில் திருவிழாக் காலத்து அன்பளிப்பிலும் பத்திரிகைக் காசு கட்டுகிற ஒரு வாசிகசாலைக்கு மாதச் சந்தா என்றால், அது நாளிதழ் ஒன்றை நிற்பாட்டுவது. பெரிய நூலகங்கள் பயன்படுத்துகிற கோகா இலவசம்தான். ஆனால் அதற்கு ஒரு லினக்ஸ் சேவர் வேணும், அதைப் பார்க்க ஒரு ஆள் வேணும்.

நாங்கள் ஐந்து பேர். உயர்தரத்தில் ஐ.சி.ரி. எடுத்தவர் ஒருவர், மற்றவர்கள் தமிழ், வரலாறு, மொழியியல். சி சார்ப்போ சி பிளஸ் பிளஸ்ஸோ படித்துவிட்டுத் தொடங்குவதென்றால் பட்டம் முடிந்திருக்கும். எச்.ரி.எம்.எல். எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். மூன்று கிழமையில் புத்தகம் சேர்க்கிற படிவமும் தேடற்பெட்டியும் வந்துவிட்டது. கணினிப் பீடத்துச் சிநேகிதர் ஒருவர் பார்த்துவிட்டு, “இதெல்லாம் புறோகிறாமிங்கே இல்லை மச்சான், வெப்பேஜுக்குச் சட்டை போட்டு விட்டிருக்கிறியள்” என்றார். சட்டை போட்டதுதான். உள்ளே நிற்கிற ஆளைப் பாருங்கோ எண்டு சொன்னம்.

ஏனென்றால் அந்த ஆளுக்குத் தமிழ் தெரியும். இதுதான் பாரம் பற்றிப் பேசுகிறவர்கள் கணக்கில் எடுக்காத விஷயம். தமிழைத் திரையில் சரியாகக் காட்டுவது சின்ன வேலை இல்லை. கொம்பை இடம் மாற்ற வேணும், இரட்டைக் கொம்பையும் காலையும் இருபக்கமும் வைக்க வேணும், ‘மு’வையும் ‘கு’வையும் புது உருவமாக்க வேணும். யுனிகோட்டை ஏற்காத பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களில் இதெல்லாம் நொருங்கும். எங்கட அச்சகங்கள் பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அது ஒரு காரணம், பழமைப்பற்று மட்டுமில்லை. குரோமியத்துக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவாக்கி இருக்கிறது. உலகத்தில் உள்ள எழுத்துமுறைகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு வருகிற திறந்தமூலக் கருவி. நாங்கள் ஒரு வரியும் எழுதாமலே எங்கட செயலியில் கொம்பு கொம்பு நிற்கிற இடத்தில் நின்றது. அந்த 100 எம்.பி.க்குள் இதுவும் அடக்கம்.

அகரவரிசையும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டில் சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் யுனிகோட் எண்ணின்படி அடுக்கும். யுனிகோட்டில் ‘ன’ ‘ந’வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே மனம், மயில், மரம் என்று வரும். எங்கட அரிச்சுவடியில் ‘ன’ கடைசி. மயில், மரம், மனம் என்றுதான் வரவேணும். தமிழ் வரிசை வேண்டுமென்று ஒரு சொல் கூடுதலாய்ச் சொன்னால் அதுவும் சரியாய் அடுக்கித் தருகிறது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேணும் என்று தெரிந்திருக்க வேண்டியதுதான் வேலை. அதேபோல் ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 11 என்கிறது. யா, ழ், ப், பா, ண, ம் என்று எங்கட பாலர் வகுப்புப் பிள்ளை ஆறு எண்ணும். இதற்கும் இப்ப உள்ளேயே வழி இருக்கிறது. ஆனால் 11 பிழை என்று ஒருவர் முதலில் உணர வேணும்.

தேடல்தான் எங்களை உலுப்பி எடுத்தது. ‘கௌரி’ என்று தேடினால் வராது, புத்தகம் கண்ணுக்கு முன்னால் அலுமாரியில் இருக்கிறது. ஏனென்றால் பதிவு செய்தவர் கொம்பும் ‘ள’வுமாய் ‘கெளரி’ என்று அடித்திருக்கிறார். திரையில் இரண்டும் ஒரேமாதிரித்தான் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு குறியேற்றம் இருக்கிறது, அதற்கு மேல் ‘சிறீ’ என்று எழுதுகிற எங்கட வழக்கம் வேறு. ‘கொ’வை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாய் இரண்டு குறியாகவும் எழுதலாம். இதில் ‘கொ’ விவகாரத்தை மொழியே ஒரு கட்டளையில் தீர்த்துவிடும். மற்றவற்றுக்கு நாங்கள்தான் உட்கார்ந்து அட்டவணை எழுதினோம்.

பிறகு ஆட்பெயர்கள். ‘கே. டானியல்’, ‘டானியல், கே.’, முன்னெழுத்தை ஆங்கிலத்தில் எழுதிய இன்னொன்று: மூன்றும் ‘பஞ்சமர்’ எழுதிய அதே ஆள்தான் என்று எந்தக் கணினிப் பீடத்துப் பாடமும் செயலிக்குச் சொல்லித் தராது. மொஸ்கோவிலிருந்து முன்னேற்றப் பதிப்பகம் அனுப்பின தடித்த புத்தகங்கள் எங்கட வாசிகசாலை அலுமாரிகளில் இண்டைக்கும் இருக்கின்றன. அவற்றில் ஒரு எழுத்தாளர் தல்ஸ்தோய், தமிழ்நாட்டுப் பதிப்பில் டால்ஸ்டாய், எங்கட ஆட்கள் எழுதிய கட்டுரையில் டோல்ஸ்ரோய். ‘ட’வும் ‘ர’வும் மாறுவது கவனக்குறைவு இல்லை, யாழ்ப்பாணம் ஆங்கில ஒலியைக் கேட்கிற விதம். இந்த விதியை ஒரு மொழியியல் மாணவி கால் மணித்தியாலத்தில் எழுதித் தந்தார். செயலியில் அது இருபது வரி. அந்த இருபது வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம் என்றும் சொல்லலாம். கொம்பியூட்டர் தெரிந்தவர் செய்து தருவார், நாங்கள் ரைப் அடிச்சுக் குடுப்பம் எண்டு இருந்தால் அந்த இருபது வரி ஒருநாளும் எழுதப்பட்டிராது.

வெறும் எச்.ரி.எம்.எல். கோப்பாகவே, எழுத்துருமாற்றி போல, விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். முதல் வடிவம் அப்படித்தான் இருந்தது. இதன் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. உலாவிக்குள் திறக்கிற பக்கம் தானாக உங்கள் டிஸ்கில் எழுத முடியாது. அது நல்ல பாதுகாப்பு. ஆனால் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பதிவிறக்கக் கோப்புறையில் புதுக் கோப்பு ஒன்று விழும்: பட்டியல், பட்டியல் 1, பட்டியல் 2. நூலகத்துக்குப் பொறுப்பான அக்கா, “பிள்ளையள், இதில எது கடைசி?” என்று கேட்டார். உலாவிக்குள்ளேயே ஒளித்து வைக்கிற வழியும் உண்டு, ஆரும் வரலாற்றைத் துடைக்கும்போது அதுவும் சேர்ந்து துடைபடலாம். மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு மூடுகிற வேலைக்கு எச்.ரி.எம்.எல். கோப்புப் போதும். ஒரு பதிவேட்டை வருசக்கணக்காய் ஒரே இடத்தில் வைத்திருக்கிற வேலைக்கு டிஸ்கில் எழுதுகிற உரிமை வேணும். அதை நோட் தருகிறது, ஆகவே எலெக்ட்ரோன். அந்தக் கணினியில் அது ஒன்றுதான் திறந்திருக்கும். 2 ஜி.பி.யிலும் ஓடுகிறது. ஒரு யானையை வளவில் கட்டலாம்.

ஆனால் யானைக்கும் வயசெல்லை வைத்துவிட்டார்கள். குரோமியம் விண்டோஸ் 7ஐக் கைவிட்டதால், 2023 பெப்ரவரியில் வந்த எலெக்ட்ரோன் 23 அந்தக் கணினியில் ஓடாது. 22தான் கடைசி. அதற்கும் இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. எங்கட கணினி இணையத்தில் இல்லை, வெளிப் பக்கம் எதையும் திறப்பதில்லை, ஆகவே 22இலேயே நிற்கிறோம். இணையத்தில் உள்ள கணினிக்கு இதைச் செய்யச் சொல்ல மாட்டோம். கலிபோர்னியாவில் ஒரு பதிப்பு எண் மாறினால் வலிகாமத்தில் நல்லாய் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டி குப்பையாவது, றாம் பிரச்சினையைவிடப் பெரிய அநியாயம். நிறுவனங்களின் எலெக்ட்ரோன் செயலிகள் தாங்களாகவே புதுப்பித்துக்கொள்வதால் அவற்றைப் பழைய பதிப்பில் பிடித்து வைத்திருக்கவும் ஏலாது. எங்கடதைப் பிடித்து வைக்கலாம், ஏனென்றால் அது எங்கட.

ரோரி என்று இன்னொரு வழி இருக்கிறது, 2022இல் அதன் முதலாவது முழுப் பதிப்பு வந்தது. உலாவியைச் சுமக்காமல் கணினியில் ஏற்கெனவே இருக்கிற உலாவிப் பகுதியைப் பயன்படுத்தும், செயலி சில எம்.பி.தான். கேட்க நல்லாய் இருக்கிறது. அதன் முதுகெலும்பு றஸ்ற் மொழியில் இருக்கிறதால் எங்களுக்கு இன்னும் கை வரவில்லை. புதுக் கணினிகளுக்குச் செய்கிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேணும்.

தரவை நாங்கள் சி.எஸ்.வி. கோப்பாக வைத்திருக்கிறோம். வெறும் எழுத்து, காற்புள்ளி, எழுத்து. அழகில்லை. ஆனால் எங்கட செயலி செத்தாலும் எக்செலில் திறக்கலாம். (தமிழ் சி.எஸ்.வி.யை நேரே எக்செலில் திறந்தால் குப்பையாய் வரும். கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளத்தை எழுதிவிட்டால் சரியாய் வரும். இதைத் தேடி ரெண்டு நாள் போனது, நீங்கள் மினக்கெட வேண்டாம்.) நாங்கள் பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவோம். செயலியைப் பார்க்க ஆள் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் செய்ய வேணும். மாதச் சந்தா வழியில் சந்தா நின்றால் பட்டியலும் கையை விட்டுப் போகும். இதில் செயலி நின்றாலும் பட்டியல் அக்காவின் பென்டிரைவில் இருக்கும்.

வடக்கைச் சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆக்க வேணும் என்று யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகள் வேலை செய்கின்றன, போட்டிகள் வைக்கின்றன. நல்ல விஷயம், எங்கட சிநேகிதர்களுக்கு அதால் வேலையும் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு இருக்கிற குறை, முதலீட்டாளருக்குக் காட்டுகிற செயலிகள்தான் செயலி என்ற எண்ணம் பரவுவது. மூவாயிரம் புத்தகப் பட்டியலில் முதலீட்டாளருக்கு ஒன்றும் இல்லை. குடாநாட்டில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது, பலவற்றில் ஒரு அன்பளிப்புக் கணினி துணி போர்த்தபடி இருக்கிறது. அவற்றுக்குச் செய்கிறவர்கள் சம்பளம் வாங்கப் போவதில்லை, ஆகவே அவர்கள் கற்க அதிக காலம் எடுக்காத மொழியில்தான் செய்வார்கள். அது பாரமானது என்று சிரிக்கிறவர்கள், பாரமில்லாததைச் செய்து கொண்டுவந்து தரட்டும், மகிழ்ச்சியாய் மாற்றிக்கொள்வோம்.

இப்ப 1,900 புத்தகம் ஏறியிருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கறையான் தின்ற பதிவுப் புத்தகத்துக்குரியவை, அலுமாரியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்துத்தான் எழுத வேணும். ரஷ்ய அலுமாரியில் செகோவுக்கு மட்டும் இதுவரை நான்கு எழுத்துக்கூட்டல் கண்டுபிடித்திருக்கிறோம்.